தஞ்சையில் இரண்டு நாள்: கல்லும் வாக்கும்



சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்கள் மட்டுமே கையில் இருக்கையில் ஆலங்குடியிலிருந்து பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. வெகுதூரம் போகவேண்டியதில்லை. விடியற்காலையில் பேருந்து ஏறி, புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை வழியாகச் சென்றால், வெயில் ஏறுமுன் தஞ்சாவூரை அடைந்துவிடலாம். நம் செம்மண் நிலம் மெல்ல மறைந்து காவிரியின் வண்டல் நிலம் தொடங்கும் மாற்றத்தையும் வழியிலேயே காணலாம்.

தஞ்சையில் எவற்றைப் பார்க்கவேண்டும் என்று கூறும் கையேடுகள் பல உள்ளன. ஆகையால் இங்கே வேறொன்றை எழுத விரும்புகிறேன். அந்நகரின் கோபுரத்தையும் அரண்மனையையும் ஆலயத்தையும் பார்க்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள்? அந்த வாக்கு காக்கப்பட்டதா? இக்கேள்வியோடு நடப்பவருக்குத் தஞ்சை தன் வரலாற்றைத் தானே சொல்லும்.

சனிக்கிழமை காலை: பெரிய கோயில்

முதலில் பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள். அதற்குள் கருங்கல் தளமும் காலைச் சுடத் தொடங்கிவிடும். ஆதலால் காலை வேளையே உகந்தது. முதலாம் இராசராசன் எழுப்பிய இக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள விமானத்தை அண்ணாந்து பார்க்கும் எவரும் வியக்காமல் இருக்க இயலாது. தஞ்சையைச் சுற்றிப் பாறைக்குன்றுகள் இல்லை. அத்தனை கருங்கல்லும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதை எண்ணினால் வியப்பு மேலும் வளரும்.

ஆயினும் மேலே பார்த்த கண்களைக் கீழே இறக்குங்கள். விமானத்தின் அடித்தளத்திலும் சுற்று மாளிகையிலும் வரிவரியாக எழுத்துகள் ஓடுகின்றன. இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் குழப்பமாக இருந்தது. 1886ஆம் ஆண்டில் பணியேற்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் இவ்வெழுத்துகளைப் படித்து வெளியிடத் தொடங்கிய பின்னரே இராசராசன் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது.

அக்கல்வெட்டுகள் கூறுவது என்ன? தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். ஆகவே அரசனின் பொன்னுக்குப் பக்கத்தில் அதிகாரிகளின் கொடைகளும் இடம்பெற்றன. தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதுகூடப் பெயரோடு பதிவாகியுள்ளது. கணக்கர், தையற்காரர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்கு உரிய பங்கும் அங்கே உண்டு.

விளக்கு எரிக்கும் ஏற்பாட்டையும் கவனியுங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து கொடுக்கவேண்டும். மூத்த ஆடு இறந்தாலும் குட்டிகளால் கணக்கு நிரம்பி நிற்கவேண்டும். இத்தகைய ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்று அழைக்கும். ஊர்ச் சபைகளுக்குக் காசு கடனாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டியாகப் பெற்ற ஏற்பாடும் உண்டு. சூரிய சந்திரர் உள்ளவரை இவை நடக்கவேண்டும் என்பது அக்காலத்தவர் எண்ணம்.

இக்கல்வெட்டுகள் ஒரு வகையில் ஒப்பந்தப் பத்திரங்கள். கொடுத்தவன் பெயரும், கொள்பவன் கடமையும், அளவும் எல்லோரும் காணும்படி எழுதப்பட்டன. ஆனால் மன்னன் கொடுத்த பொன்னில் ஒரு பகுதி சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த செல்வம் என்பதையும் அதே கல் மறைக்காமல் சொல்கிறது. ஒரு நாட்டின் விளக்கு எரிவதற்கு இன்னொரு நாடு இருண்டது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வரலாறு.

சனிக்கிழமை மாலை: அரண்மனையும் நூலகமும்

உணவுக்குப் பின் அரண்மனைக்குச் செல்லுங்கள். நாயக்கர்கள் தொடங்கி, 1676 முதல் மராத்தியர் விரிவாக்கிய வளாகம் அது. கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காணலாம். பக்கத்தில் சரசுவதி மகால் நூலகம் உள்ளது. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளில் பல்லாயிரம் சுவடிகள் அங்கே காக்கப்படுகின்றன. அந்நூலகத்தை வளர்த்தவர்களுள் தலையாயவர் இரண்டாம் சரபோஜி மன்னர். காசி யாத்திரை சென்றபோதும் சுவடி தேடியவர் அவர். ஐரோப்பிய மருத்துவ நூல்களையும் வரவழைத்துப் படித்தவர். நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் ஆராயப்பட்ட தன்வந்திரி மகால் அவருடைய ஏற்பாடே.

இத்தனை கல்வியுடைய அம்மன்னர் தம் பத்து வயதுப் பருவத்தில் எழுதப் படிக்க வழியின்றி அடைபட்டுக் கிடந்த சிறுவன் என்பதை அரண்மனைச் சுவர்கள் சொல்வதில்லை. அதை அறிய ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

ஞாயிறு: சிவகங்கைக் கோட்டையின் ஆலயம்

பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் கோட்டைக்குள், குளத்துக்கும் பூங்காவுக்கும் அருகே, 1779இல் கட்டப்பட்ட ஆலயம் ஒன்று உள்ளது. மக்கள் அதைச் சுவார்ட்ஸ் ஐயர் கோயில் என்பார்கள். கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் தங்கினார். மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவையும் கற்றார். மணம் செய்துகொள்ளவில்லை, பிறந்த நாட்டுக்குத் திரும்பவும் இல்லை.

அவர் தஞ்சையில் வாழ்ந்த காலம் யாரும் யாரையும் நம்பாத காலம். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு ஆர்க்காட்டு நவாபு தஞ்சையைப் பிடித்துத் துளஜா மன்னரைச் சிறைவைத்தார். 1776இல் அதே கம்பெனி அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. 1780இல் தொடங்கிய போரில் ஐதர் அலியின் படைகள் சோழநாட்டு வயல்களைப் பாழாக்கின. கோட்டைக்குள் பஞ்சம் நுழைந்தது. வெளியே ஊர்களில் நெல் இருந்தது. அதைச் சுமந்துவர மாடுகள் கிடைக்கவில்லை. மாடு கொடுத்தவர்களுக்கு முன்னர்க் கூலி கிடைக்காததால், அரசனையும் நம்பாமல் ஆங்கிலேயரையும் நம்பாமல் குடிகள் விலகி நின்றார்கள்.

அப்போது துளஜா மன்னர் ஆங்கில அதிகாரி ஒருவரிடம், நாம் இருவருமே மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டோம், சுவார்ட்ஸ் ஐயரையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்ற பொருள்படக் கூறினார். ஐயர் கூலிக்குத் தாமே பொறுப்பேற்றுச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கூலி கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் கடும் வரிக்கு அஞ்சிக் குடிகள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடியபோதும், அவருடைய வாக்கை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள் என்று அவரே 1794இல் எழுதிய கடிதம் கூறுகிறது.

இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1779இல் கம்பெனியின் தூதராக அவர் சீரங்கப்பட்டினத்துக்குச் சென்று ஐதர் அலியைச் சந்தித்தார். வழிச்செலவுக்கென ஐதர் கொடுத்த 300 ரூபாயைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சென்னையில் கம்பெனியாரிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் ஏற்க மறுக்கவே, ஆதரவற்ற பிள்ளைகளின் கல்விக்கு அதை முதலாக்கினார். போர் மூண்டபோது அவர் தடையின்றி நடமாடலாம் என்று ஐதர் தம் படைகளுக்குக் கட்டளையிட்டது இதற்குப் பின்னரே. பகைவனும் நம்பிய மனிதரை, மாட்டுக்காரர் நம்பியதில் வியப்பில்லை.

சிறுவன் சரபோஜி

ஆனால் இவ்வரலாற்றில் இருண்ட ஏடும் உண்டு. 1787இல் துளஜா மரணப்படுக்கையில் இருந்தபோது, தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் விட விரும்பினார். ஊழியக்காரனுக்கு அரசு காவல் தகாது என்று கருதிய ஐயர், மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்க ஆலோசனை கூறினார். மன்னர் இறந்ததும் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூற, அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவனோ அறையில் அடைபட்டான். நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட ஆலோசனை ஒரு குழந்தையின் ஆண்டுகளை விழுங்கியது.

அதன்பின் ஐயர் விலகிச் செல்லவில்லை. சிறுவனின் நிலையைக் கம்பெனி அரசுக்கு எடுத்துரைத்தார். அவனுக்குக் கல்வி கிடைக்கச் செய்தார். 1793இல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். தத்தின் உரிமை மறுபடி ஆராயப்படவேண்டும் என்று முதுமையிலும் ஐயர் வாதாடினார். 1798 பிப்ரவரி 13 அன்று அவர் உயிர் துறந்தார். மாணவரின் முடிசூட்டைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அதே ஆண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். அடக்கத்துக்கு முன் ஆசிரியரின் முகத்தை ஒருமுறை காண இளவரசர் வரும்வரை உடல் காக்கவைக்கப்பட்டது என்றும், அவர் கண்ணீர் விட்டார் என்றும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

சிவகங்கைக் கோட்டை ஆலயத்தின் உள்ளே உள்ள வெண்பளிங்குச் சிற்பத்தின் முன் இப்போது நில்லுங்கள். சரபோஜி மன்னர் இலண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு செய்வித்தது அது. படுக்கையில் ஐயர் கிடக்கிறார். மன்னர் அவர் கையைப் பற்றியிருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே என்னும் சக ஊழியர் நிற்கிறார். கால்மாட்டில் பள்ளிப்பிள்ளைகள் நிற்கிறார்கள். ஐயரின் கல்லறையோ கோட்டைக்கு வெளியே உள்ள தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. அதன்மேல் மன்னரே ஆங்கிலத்தில் இயற்றிய இரங்கற்பா வெட்டப்பட்டுள்ளது. மன்னர் தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்து மறைந்தார். பெரிய கோயில் திருப்பணிகளையும் செய்தார். ஆசிரியரின் அன்பு மாணவர் மதம் மாறுவதைச் சார்ந்து நிற்கவில்லை. மாணவரின் நன்றியும் அப்படியே. ஐயரின் மற்றொரு மாணவரான வேதநாயகம் சாஸ்திரியார் கிறிஸ்தவத் தமிழ்ப்பாடல்களால் புகழ்பெற்றார். ஒரே ஆசிரியரின் நிழலில் இருவேறு மரங்கள் வளர்ந்தன.

ஊர் திரும்புமுன் ஒன்றையும் எண்ணிப்பாருங்கள். சரபோஜி முடிசூடிய மறு ஆண்டே, 1799 அக்டோபர் 25 அன்று, ஓர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனி கைக்கு மாறியது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அவருடைய மகன் காலத்துக்குப் பின், 1855இல், அரச பட்டமும் போயிற்று. முத்திரையிட்ட பத்திரங்கள் இவ்வளவுதான் காத்தன. ஆனால் நாடிழந்த மன்னர் சேர்த்த சுவடிகள் இன்றும் படிக்கப்படுகின்றன. மாட்டுக்காரருக்குக் கொடுக்கப்பட்ட கூலி இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னும் பேசப்படுகிறது.

தேவனுடைய கூடாரத்தில் தங்கத்தக்கவன் யார் என்று கேட்கும் 15ஆம் சங்கீதம், தனக்கு இழப்பு நேர்ந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பவனை அங்கே நிறுத்துகிறது. அக்குணத்தை உயர்ந்த விமானத்தில் தேடவேண்டாம். நெய் அளந்த இடையரிடமும், கூலி கொடுத்த போதகரிடமும், நன்றி மறவாத மன்னரிடமும் தேடுங்கள். பின்பு நம் வீட்டுக்குள் வாருங்கள். நாற்று நட்டவருக்கு நாளை தருவதாகச் சொன்ன கூலி, சீட்டுக் கட்டியவருக்குக் கொடுக்கவேண்டிய பணம், பிள்ளையிடம் சொல்லி மறந்த ஒரு சொல் இவை கல்லில் வெட்டப்படவில்லை. கொடுக்கவேண்டியவர் மறக்கலாம், காத்திருப்பவர் மறப்பதில்லை.

அடுத்த ஓய்வு நாட்களில் பிள்ளைகளோடு தஞ்சைக்குச் சென்று வாருங்கள். போகுமுன், யாருக்கேனும் கொடுக்கவேண்டியது இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள். பயணம் இனிதாக இருக்கும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.