ஓர்கன் தொழிற்சாலையின் நிலவறையில் செய்த விமானம்

வீட்டிலேயே விமானிக் கூடம் செய்யும் வீடியோக்களை எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து, "சேர், இத எதால செய்யலாம்? எம்.டி.எஃப் பலகையா, பிளைவுட்டா, அலுமினியமா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது பீப்பாய். 1910ஆம் ஆண்டளவில் பிரான்சில், அன்ரனெட் என்ற விமானத்தை ஓட்டப் பழகுவோருக்காகப் பீப்பாயின் பாதிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். பழகுபவர் மேலே அமர்ந்திருப்பார். வெளியே நிற்பவர்கள் கையால் ஆட்டுவார்கள். அவர் சக்கரங்களைத் திருப்பிச் சமப்படுத்த வேண்டும். கிட்டத்தட்ட ஊஞ்சல் விளையாட்டுத்தான்!

உண்மையான மாற்றம் அமெரிக்காவில் வந்தது. நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனாருக்குப் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. எட்வின் 1920இல் 50 டொலர் கொடுத்து முதல் பறப்புப் பாடத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் அது சின்னக் காசல்ல. விமானத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டிய பயிற்றுநர், பொடியனைக் கட்டுப்பாட்டுக் கோலைத் தொடவே விடவில்லை.

குறைந்த செலவில் தரையிலேயே பழக வழி தேடியவர், 1920களின் கடைசியில் தொழிற்சாலையின் நிலவறையில் வேலையைத் தொடங்கினார். கையில் இருந்தது மரம், துருத்தி, வால்வு, காற்றை உறிஞ்சும் பம்பு. எல்லாம் ஓர்கன் சாமான்கள். மரத்தால் சின்ன விமான உடல் ஒன்றைச் செய்து, கீழே துருத்திகளை வைத்தார். கோலை இடப்பக்கம் சாய்த்தால் வால்வு திறந்து இடப்பக்கத் துருத்தியின் காற்று உறிஞ்சப்படும், அது சுருங்கும், பெட்டியும் அந்தப் பக்கம் சாயும். இரும்பால் செய்திருந்தால் இவ்வளவு மெல்லிய காற்றிழுப்புக்கு அது அசைந்திருக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான். தனக்குப் பழக்கமான பொருளையே அவர் தெரிவு செய்தார், அதுவே பொருத்தமாகவும் அமைந்தது.

1931இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பறப்புப் பாடசாலைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. களியாட்டப் பூங்காக்களே விரும்பி வாங்கின.

பிறகு 1934 வந்தது. விமானத் தபால் வேலையை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இராணுவத்திடம் ஒப்படைத்தார். கடுங்குளிர், மூடுபனி. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் பல விமானிகளுக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பழக்கத்தைத் தரையில் கொடுக்கக்கூடிய பெட்டியோ பூங்காக்களில் சிறுவர்களை ஏற்றி ஆடிக்கொண்டிருந்தது.

லிங்கைச் சந்திக்க இராணுவ அதிகாரிகள் நியூவர்க் விமானத் தளத்தில் காத்திருந்தார்கள். அன்றும் மூடுபனி. வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்திருக்க, கருவிகளை நம்பியே ஓட்டிவந்து இறங்கினார். அந்த வருடமே ஒன்று 3,500 டொலர் வீதம் ஆறு பெட்டிகளை இராணுவம் வாங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் செய்யப்பட்டவை சுமார் 10,000. நீல நிறம் பூசியிருந்ததால் 'நீலப் பெட்டி' என்றே பேர் விழுந்தது.

இனிப் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். எம்.டி.எஃப் மலிவு, வழவழப்பாக வெட்டலாம். ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும், எங்கள் கடற்கரைக் காற்றுக்குத் தோதில்லை. சட்டகத்துக்குப் பிளைவுட் நல்லது. பொத்தான் பலகைக்கு 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் போதும். கறுப்புப் பெயின்ற் அடித்து எழுத்துகளை மட்டும் சுரண்டிவிட்டு, பின்னால் எல்.ஈ.டி வைத்தால் எழுத்து ஒளிரும். 3டி அச்சில் பயன்படும் பி.எல்.ஏ பிளாஸ்டிக் 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மறந்துவிட்டால் வளைந்துபோகும்.

பாரம் கூடினாலும் பரவாயில்லை, இது பறக்கப் போவதில்லை. ஆசனத்தை மோட்டார் வைத்து ஆட்டப் போகிறவர்கள் மட்டும் லிங்க் போட்ட கணக்கைப் போட வேண்டும். ஓடாவிமாரின் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், தருவார்கள். முதலில் ஒரேயொரு பொத்தான் பலகையைச் செய்து வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.