கறுப்பு மணல் – 14: கூட்டம் நடக்குமா?

சென்ற வாரம் ஷோம்பெர்க்கைக் கைதியாக விட்டுவிட்டு வந்தோம். 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் மணிகளைப் பார்த்து, இது மோனசைட் என்று கண்டுகொண்டவராகச் சொல்லப்படும் ஜெர்மன் வேதியியலாளர் அவர். மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். முதல் உலகப் போர் மூண்டதும் ஆங்கில அரசு அவரைப் பிடித்துவைத்தது.

முதலாளி சிறைக்குப் போனதால் மணல் பிழைத்ததா? எங்கே பிழைக்க! ஆலை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. விளக்கு மேண்டிலுக்கு மோனசைட்டில் இருக்கும் தோரியம் வேண்டும், அவ்வளவுதான் லண்டனின் கணக்கு. பிறகு வெள்ளைப் பெயின்ட்டுக்காக அதே மணலில் கிடக்கும் இல்மனைட்டும் ஏற்றுமதியானது. 1950 ஆகஸ்ட் 18இல் இந்திய அரசு 'இந்தியன் ரேர் எர்த்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கியது. மணவாளக்குறிச்சி ஆலை பின்னர் அதன் கைக்கு வந்தது. கொடி மாறியது, மணல் போகும் திசையை முடிவு செய்கிறவர்கள் மட்டும் எப்போதும் தூரத்திலேயே இருந்தார்கள்.

விலை வருவதற்கு முன்பு இந்த மணல் எப்படிக் கிடந்தது? கடலோர வட்டக்கோட்டை மதில்மேல் ஏறி நின்று கீழே பாருங்கள். கொளச்சலில் 1741இல் தோற்றுப்போன டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்து பலப்படுத்திய கருங்கல் கோட்டை இது. கடல்வழி வரும் எதிரியைத் தடுக்க எழுப்பிய மதிலுக்கு வெளியே கறுப்பு மணல் சும்மா கிடந்தது. அப்போது அதற்கு விலை இல்லை, அதனால் காவலும் இல்லை. மலைப் பாறை உடைந்து ஆற்றோடு வந்த மணலை அலை முறத்தில் இட்டுப் புடைப்பதுபோலப் புடைக்கிறது: லேசான வெண்மணலைக் கடல் வாரிக்கொண்டு போக, கனமான இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கரையில் தங்கிவிடுகின்றன.

பாலைவனம் என்றால் ராஜஸ்தானைத்தான் நினைப்போம். இந்தக் கரையை ஒட்டித் தென்கோடியில் நமக்கும் ஒன்று உண்டு: செம்மணல் தேரி. முட்டம் பக்கத்துச் செம்மணலையும், கிழக்கே இட்டமொழி, சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். பனையும் உடைமரமும் நிற்கும், மற்றபடி வெறும் பூமி என்று அதிகாரிகள் எழுதிவைத்துவிட்டுப் போகிற நிலம். அந்த வெறும் பூமியில்தான் விசிறித் தொண்டை ஓணான் ஓடுகிறது. இணை தேடும் நாளில் ஆண், தொண்டைத் தோலை விசிறியாக விரித்துக் காட்டும். தென் தமிழகத்தில் வாழும் அப்படியொரு ஓணானுக்கு 2016இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது. மருதம், நெய்தல் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். கடலோர மணல்மேட்டில் அடும்பும் இராவணன் மீசையும் வேரால் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவதும் இந்த மணலுக்குத்தான். மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் தங்கி, ஊர்க் கிணற்றில் உப்பேறாமல் காக்கிறது.

இனி கதைக்கு வருவோம். கிள்ளியூர் வட்டம். கீழ்மிடாலம், மிடாலம், இனையம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1144 ஹெக்டேர் நிலத்தில் அணுக்கனிம மணல் எடுக்க மத்திய அரசின் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் திட்டம் போட்டது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். 2024 அக்டோபர் 1, பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம் என்று நாளும் இடமும் குறித்தார்கள்.

மீனவர் அமைப்புகள், பங்குத்தந்தையர், கட்சிக்காரர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் எதிர்ப்பில் இறங்கியது. மணல்மேடு போனால் கடல் வீட்டுக்குள் வரும் என்பது முதல் பயம். சுனாமியைப் பார்த்த கரைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்பது இரண்டாவது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்டகால ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் சொன்னது. அதை வைத்துக்கொண்டு இவர்களின் பயத்தை நையாண்டி செய்வதும் தவறு. கிடக்கிற மணலோடு வாழ்வது வேறு, அதைக் கிளறுவது வேறு.

நிறுவனத்தின் தரப்பும் உண்டு: கனிமத்தைப் பிரித்தபின் மிச்ச மணலை அங்கேயே நிரப்புவோம், கதிர்வீச்சும் குறையும், நாட்டுக்கு அரிய மண் தனிமங்கள் தேவை. தேவை உண்மைதான். ஆனால் பள்ளத்தை நிரப்பிய மணல் மணல்மேடு ஆகிவிடாது. காற்றும் வேரும் சேர்ந்து பல காலம் கட்டியதை லாரி கட்டித்தராது. இந்த வாதத்தில் நான் கரையின் பக்கம்தான்.

அக்டோபர் 1 வந்தது. கூட்டம் நடக்கவில்லை, எதிர்ப்பைப் பார்த்துத் தள்ளிவைத்துவிட்டார்கள். கரை மூச்சு விட்டது. எப்போது கூட்டினாலும் எழுந்து நின்று 'வேண்டாம்' என்று சொல்லலாம், அதை அதிகாரி பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பிடிமானத்தைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள்.

ஓராண்டு முடியவில்லை. 2025 செப்டம்பர் 8. தில்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியானது. அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்றது அது. திட்டம் சிறியதோ பெரியதோ, மதிப்பிடுவது தில்லியில்தான்.

தள்ளிவைத்த கூட்டம் இனி எதற்கு? இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழக முதல்வர் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை அடுத்த வாரம் பிரித்துப் படிப்போம்.

(தொடரும்)