துரையின் ஜீப்பும் கொழுந்து லொறியும்

மலையில் இருக்கிறவனுக்குப் பெரிய வண்டிதான் சரி என்று ஒரு பேச்சு நம்ம பக்கம் ரொம்ப காலமாக இருக்கு. லாண்ட் ரோவர், பஜேரோ, டபுள் கேப் என்று பெயர் மாறும், பேச்சு மாறாது. ஏற்றம் இருக்கு, கல்லு ரோடு இருக்கு, மழை இருக்கு, அதனால் லொறி மாதிரி செசி வைத்த வண்டிதான் அன்றாடத்துக்கு உகந்தது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ஊவாத் தோட்டங்களில் யார் எதில் போனார்கள், எது எதை ஏற்றிப் போனது என்ற வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. யாருடைய அன்றாடம்?

பாதையிலிருந்து தொடங்குவோம். நம்ம முன்னோர் இந்த மலைக்கு வந்தது கால்நடையாக. கோப்பிக் காலத்திலும், பிறகு தேயிலை வந்த புதிதிலும் சரக்கு போனது மாட்டு வண்டியில். ரயில் 1885இல் நானுஓயா வரைக்கும், 1894இல் பண்டாரவளை வரைக்கும் வந்தது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆனது. ரயில் வந்ததால் தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போவது சுலபமானது. ஆனால் மலையில் பறித்த கொழுந்து ஃபெக்டரிக்குப் போக வேண்டுமே? கொழுந்து காத்திருக்காது. கூடைக்குள் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்து கெட்டுப் போகும். பறித்த அன்றைக்கே ஃபெக்டரியில் போய் வாட்ட வேண்டும். சில தோட்டங்களில் கம்பிவடம் கட்டி மூட்டையை இறக்கினார்கள். பிறகு லொறி வந்தது. லொறிக்காகத்தான் ஃபெக்டரியிலிருந்து ஒவ்வொரு கொழுந்து மடுவத்துக்கும் பாதை வெட்டப்பட்டது.

இதைக் கவனிக்கணும். தோட்டத்துப் பாதை கொழுந்துக்காக வெட்டின பாதை, ஆட்களுக்காக வெட்டினது இல்லை. லொறி போகிற வழியில் லயம் இருந்தால் லயத்துக்கும் பாதை கிடைத்தது. இல்லாவிட்டால் குறுக்குப் பாதையும் படிக்கட்டும்தான். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, பூனாகலை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த அமைப்பை இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்தப் பாதைக்கு வந்து சேர்ந்ததுதான் லாண்ட் ரோவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வில்லிஸ் ஜீப் உலகம் முழுக்க ஓடியது. போர் முடிந்ததும் ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் அதைத் தன் பண்ணையில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அதே போக்கில் ஒரு வண்டியை வடிவமைத்தார். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் மேல் உடம்பு அலுமினியத்தில். கீழே மட்டும் லொறி மாதிரியே இரண்டு நீளமான இரும்புச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், லீஃப் ஸ்பிரிங். ஆடம்பரம் என்று ஒன்றும் கிடையாது. உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் நடுவில் நிற்கிற ஒரு பண்ணைக் கருவி, அவ்வளவுதான்.

அந்தக் கருவி தோட்டத்துக்குப் பொருந்தியது. முன்பு குதிரையிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் மலை சுற்றின துரைமாருக்கு, ஒரே நாளில் நாலைந்து டிவிஷன், மலை, ஃபெக்டரி எல்லாம் பார்த்துவிட்டு பங்களாவுக்குத் திரும்ப ஏற்ற வண்டி. லோ கியரில் போட்டால் செங்குத்து இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செசி முறுக்கிக்கொடுத்தாலும் உடையாது, உடைந்தாலும் தோட்டத்துப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்து ஓட்டலாம். துரையின் அன்றாடத்துக்கு அது சரியான வண்டிதான். இதில் சண்டை இல்லை.

அதே நேரத்தில் நம்ம ஆட்கள் எதில் போனார்கள்? அவர்களுக்கும் செசி வண்டிதான். கொழுந்து லொறி, இல்லாவிட்டால் ட்ரக்டர் பெட்டி. பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றினதும் அதில்தான், பாம்பு கடித்த ஆளை ஏற்றினதும் அதில்தான், ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்ததும் அதில்தான். அதுவும் லொறி சும்மா நின்றால், சாரதி இருந்தால், துரை அனுமதி கொடுத்தால். செசி ஒன்றுதான், மேலே பூட்டின பெட்டிதான் வேறு. ஒருத்தருக்கு இருக்கையும் கூரையும். மற்ற எல்லாருக்கும் வெறும் பலகை, கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் திரும்பியது. வெள்ளைத் துரை போய் கறுப்புத் துரை வந்தார், லாண்ட் ரோவர் போய் டபுள் கேப் வந்தது. சாவி கை மாறினதே தவிர பாதை மாறவில்லை. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக வாசிக்கப்பட்டது. நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை நம்ம லயத்துப் பாதையில் ஒரு கல்லு போட முடியாது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருசத்துக்கு மேல் தோட்டத்துப் பாதை தோட்டத்தின் கணக்கிலேயே கிடந்தது. ஆட்களின் போக்குவரத்தில் லாபம் இல்லாத ஒரு நிர்வாகம் அதை எதற்குத் திருத்தும்?

உலகத்தில் வேறு இடங்களில் இந்தக் கருவி எப்படிக் குடும்ப வண்டியானது என்பது தனிக் கதை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு எரிபொருள் சிக்கனச் சட்டத்தின் கீழ் கார்களுக்கு ஒரு அளவும், 'இலகு ட்ரக்' வகைக்குத் தளர்வான அளவும் வந்தன. ட்ரக்கை அழகுபடுத்திக் குடும்பங்களுக்கு விற்பது கம்பனிகளுக்கு வசதியானது. ஜப்பானியரும் ஹைலக்ஸ் பிக்கப்பின் மேல் கூரை போட்டு 1984இல் ஹைலக்ஸ் சர்ஃப் கொண்டுவந்தார்கள். ஆனால் 1994இல் டொயோட்டாவே கார் அடித்தளத்தில் ராவ்4ஐக் கட்டியது. தார் ரோட்டில் ஓடுகிற குடும்பத்துக்கு லொறிச் செசி தேவையில்லை என்பதைச் செய்தவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

நம்ம ஊருக்கு வருவோம். பதுளை பண்டாரவளை வீதியில் தினமும் வேலைக்குப் போகிற ஆளுக்கு இரண்டு டொன் எடையுள்ள செசி வண்டி என்ன தரும்? உயரமாக உட்காரலாம், அது உண்மை. ஆனால் பாரம் மேலே இருப்பதால் வளைவில் சாயும். எடை கூடியதால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும். காலியாக ஓடும்போது பின்பக்க ஸ்பிரிங் தூக்கிப் போடும், ஏனென்றால் அது சுமைக்காகப் போட்ட ஸ்பிரிங். வயசான அப்பாயி ஏற ஒரு முக்காலி வேண்டும். நல்ல தார் ரோட்டில் இதெல்லாம் சும்மா வாங்கிக் கட்டிக்கொள்கிற கஷ்டம்.

செலவையும் பாருங்க. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். முழு நாள் மலையில் நின்று கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர் டீசலும் கொஞ்சம் சில்லறையும். மலையில் லீற்றருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர் ஓடுகிற வண்டி என்றால், அந்த ஒரு நாள் உழைப்பு இருபது கிலோமீற்றரில் எரிந்துபோகும். பசறையிலிருந்து பதுளைக்கு ஒரு தரம் வந்து சேரலாம், திரும்ப முடியாது.

அதனால்தான் நம்ம அன்றாடத்தைச் சுமந்தது வேறு வண்டிகள். 1958இல் அரசுடைமையான சீடிபி பஸ் பெரிய ரோட்டைப் பார்த்துக்கொண்டது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து லயம் வரைக்கும் த்ரீவீலர். மரக்கறிக்கும் கலியாணச் சாமானுக்கும் டிமோ பட்டா. தாட்டா ஏஸ் என்றால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது, பட்டா என்றால்தான் புரியும். இரண்டு சிலிண்டர், 702 சீசீ டீசல் எஞ்சின். அது முழுக்க லொறிதான், சின்ன லொறி. அளவு சரியாக இருந்தால் லொறியும் அன்றாடத்துக்கு உதவும் என்பதற்கு அதுவே சாட்சி.

செசி ஜீப்பையே அன்றாட வண்டியாக்கின தமிழர்களும் உண்டு. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் பெண்கள் காலையில் ஏறிப் போவது பங்கு ஜீப்பில்தான். வண்டி ஒருத்தருடையது, இருக்கை பலருடையது. அளவுக்கு மீறி ஏற்றுவதும் விபத்துகளும் அங்கேயும் தீராத பிரச்சினை, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்தப் பாதைக்கு அந்த வண்டி பொருந்துகிறது, செலவும் பலர் தலையில் பிரிகிறது.

இன்னொரு விசயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மண்சரிவால் பாதைகள் துண்டாகிப் போயின. பாதையே கீழே இறங்கிப் போனால் நாலு சில்லும் சுற்றி என்ன ஆகப்போகுது? நல்ல வண்டி கெட்ட பாதைக்கு மருந்து என்ற நம்பிக்கை அதோடு உடைந்திருக்கணும். கானும் தாங்குசுவரும் இல்லாத பாதையில் எந்த வண்டியும் ஒரு பெருமழை வரைக்கும்தான்.

அப்போ முடிவு? பதுளை டவுனில் ஓட்ட ஒரு குடும்பம் செசி வண்டி வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மேல் டிவிஷனில், கடைசி நாலைந்து கிலோமீற்றர் கல்லுப் பாதையில், அதற்கு நியாயம் இருக்கு. ஆனால் அது ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டியாக இருக்கக் கூடாது. 2016இல் தொடங்கின 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. அது வேன் வகை வண்டி. தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வரும். அங்கேயிருந்து லயம் வரைக்கும் இன்றைக்கும் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்குகிற டிவிஷன்கள் இருக்கு. அந்த இடைவெளிக்குத்தான் ஃபோர் வீல் வண்டி வேண்டும், படுக்கை பூட்டினதாக, டிவிஷனுக்குப் பொதுவாக, துரையிடம் கேட்காமல் எடுக்கக்கூடியதாக. கூடவே 2018 திருத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதேச சபையில் போய்ப் பாதையையும் கேட்கணும். பாதை சரியானால் அந்தப் பெரிய வண்டியும் தேவைப்படாது. பஸ்ஸே லயத்தடிக்கு வரும்.