புதியது எது, பழையது எது?

சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையை நம்மிற் பலர் அறிவர். 1875இல் நியூயோர்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கேணல் ஒல்கொட்டும் பிறரும் தொடங்கிய அச்சபை, 1882இல் அடையாற்றைத் தலைமையிடமாக்கிக் கொண்டது. கர்மம், மறுபிறப்பு என்று நமது சொற்களையே அது பேசிற்று. ஆயினும் இன்றைய பல்கலைக்கழக அறிஞர்கள் அதனை இந்து சமயத்தின் பிரிவாகக் கொள்வதில்லை. ‘மேலைநாட்டு மறைஞானம்’ என்ற தொகுதியிலேயே வைக்கின்றனர். அதன் வேர்கள் ஐரோப்பிய இரகசிய ஞான மரபுகளில் உள்ளன என்பது அவர்கள் கூறும் காரணம். இது பொருத்தமான முடிபே.

ஆனால் எல்லா வகுப்புகளும் இவ்வாறு பொருந்துவதில்லை. 1984இல் றோய் வாலிஸ் என்ற சமூகவியலறிஞர் புதிய சமய இயக்கங்களை மூன்றாக வகுத்தார்: உலகை மறுப்பவை, உலகை ஏற்பவை, உலகோடு இணங்கிச் செல்பவை. மகரிஷியின் ஆழ்நிலைத் தியானத்தை இரண்டாம் வகையிலும், ஹரே கிருஷ்ண இயக்கத்தை முதல் வகையிலும் அவர் சேர்த்தார். வீட்டைத் துறந்து தலையை மழித்து வீதியிற் பாடிய வெள்ளைக்கார இளைஞர்களைப் பார்த்தவர்க்கு அது சரியாகவே தோன்றியிருக்கும்.

ஹரோவிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள பக்திவேதாந்த மாளிகையை எண்ணிப் பாருங்கள். ஜோர்ஜ் ஹரிசன் 1973இல் வழங்கிய அவ்விடத்திற்குத் திருவிழாக் காலங்களில் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். போக்குவரத்து நெரிசலைக் காரணங்காட்டி அங்கு பொதுமக்கள் வழிபடுவதைத் தடுக்க முயன்றபோது, பல ஆண்டுகள் போராடி 1996இல் தனிப்பாதைக்கு அனுமதி பெற்றனர். அப்போராட்டத்தில் நின்றோர் துறவிகள் மட்டுமல்லர். கடை நடத்துவோரும் உத்தியோகத்தரும் குடும்பத்தினருமாவர். அவர்களை உலகை மறுத்தோர் எனலாமா? ‘புதிய’ இயக்கம் எனப்படும் அது, 1486இல் பிறந்த சைதன்யரின் மரபில் வந்ததன்றோ? 1966இல் நியூயோர்க்கில் பதிவு செய்யப்பட்ட சங்கம் புதியது, வழிபாடு பழையது.

அறிஞர்களைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்க வேண்டும். சைவ சித்தாந்திகள் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்தனர். யோகத்தையும் வைணவரின் பாஞ்சராத்திரத்தையும் புறத்திலே வைத்தனர். வைணவர் இதனை ஒப்புவரோ? வகுப்பவர் தாம் நிற்குமிடத்தை நடுவாகக் கொண்டே கோடு கீறுகிறார். நம் முன்னோர் அதனை மறைக்கவில்லை. தம் சித்தாந்தமே நடு என்று வெளிப்படையாகச் சொல்லினர்.

நம் பிள்ளைகள் பாடசாலையிலே இத்தகைய வகுப்புகளைப் படித்து வந்து, “நாங்கள் இதில் எந்த வகை?” என்று கேட்பார்கள். அப்பொழுது சினங்கொள்ளாமல், வகுத்தவர் யார், எவரைக் கண்டு வகுத்தார், எக்காலத்தில் வகுத்தார் என்னும் மூன்று கேள்விகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போமாக. அவற்றோடு நமது மரபின் பெயரையும் வரலாற்றையும் நாமே சொல்லிக் கொடுத்தல் வேண்டும். நாம் சொல்லாவிடின், பிறர் இட்ட பெயரே அவர்களுக்குத் தெரிந்த பெயராகிவிடும்.