கிண்ணத்தில் எஞ்சிய பழஞ்சொல்

தென்சீனத்துக் குவாங்சோவிலும் ஆங்காங்கிலும் வழங்கும் காண்டனீஸ் மொழியை வெறும் வட்டார வழக்கு என ஒதுக்குவோர் உண்டு. பள்ளிப்பிள்ளைகள் எழுதுவது பொதுச்சீனம். வீட்டிலும் தெருவிலும் பேசுவது காண்டனீஸ். ஏட்டில் அரிதாகவே ஏறும் அம்மொழியின் வளத்தை அறிய, குடிமயக்கத்தைக் குறிக்கும் சொற்களே போதும்.

சீன எழுத்தில் மயக்கத்தைக் குறிக்கும் வடிவின் இடப்பாகம் ஒரு மதுச்சாடி. ஷாங் அரசர் காலத்து எலும்பெழுத்துகளிலேயே அச்சாடி காணப்படுகிறது. வலப்பாகத்துக்கு 'முடிவு' என்பது பொருள். கி.பி. 100 அளவில் சூ ஷென் இயற்றிய அகராதி, தன் அளவை நிறைவு செய்தும் ஒழுங்கு குலையாதிருத்தலே மயக்கம் என்று விளக்கம் தந்தது. இது சான்றோர் வகுத்த வரையறை.

மக்கள் வகுத்தது வேறு. காண்டனீஸில் குடிகாரன் 'ஜோய் மாவ்', அதாவது மயங்கிய பூனை. அளவு மீறியவன் 'பெரிதாகக் குடித்துவிட்டவன்'. குடித்தபின் வாந்தி எடுத்தல் 'தோங் பாக் ஹோக்', வெள்ளை நாரையை அறுத்தல். சீன மரபில் நாரை நீண்ட ஆயுளின் சின்னம். சித்தர் ஏறிச் செல்லும் பறவை. மதுக்கடையிலோ அது அறுபடுகிறது! திரைப்படக் காலம் தந்த சொல் 'த்யுன் பின்', படச்சுருள் அறுதல். முந்தைய இரவின் நினைவு அறவே அற்றுப்போன நிலையை அது சுட்டும். அரங்குகளில் சுருள் வழக்கொழிந்த பின்னும் அச்சொல் வாழ்கிறது. இவற்றில் வசையினும் நகையே மிகுதி.

இந்நகைக்கு அடியில் ஒரு பழமை உறைகிறது. குடித்தலைக் குறிக்கப் பொதுச்சீனப் பேச்சில் இன்று வழங்குவது 'ஹ' என்னும் சொல். காண்டனீஸோ 'யம்' என்னும் தொல்சொல்லையே நாள்தோறும் ஆள்கிறது. மதுவைப் பாடிய லீ பாய் (701–762) வாழ்ந்த தாங் காலத்தில் அச்சொல் மகர ஈற்றோடு ஒலித்தது. பொதுச்சீனத்தில் அது 'யின்' எனத் திரிந்துவிட, காண்டனீஸ் அவ்வீற்றை இழக்கவில்லை. க், த், ப் ஆகிய பழைய ஈறுகளும் அவ்வாறே எஞ்சின. ஆதலால் தாங் காலப் பாடல்கள் சிலவற்றின் இயைபு காண்டனீஸில் படிக்கும்போது செவ்விதாய் ஒலிக்கிறது.

1974இல் ஆங்காங்கில் சீனம் ஆட்சிமொழியாயிற்று; எந்தப் பேச்சு என்று சட்டம் பெயர் சுட்டவில்லை. 2010இல் குவாங்சோ தொலைக்காட்சியில் பொதுச்சீனத்தைப் பெருக்கும் முன்மொழிவு எழுந்தபோது, மக்கள் தெருவில் திரண்டு எதிர்த்தனர். அவர்கள் காக்க நின்றது பேச்சுரிமையை. அதனுள் பூனையும் நாரையும் மகர ஈறும் அடங்கும். ஒரு மொழியின் பெருநூல்களை நூலகங்கள் காக்கும். அதன் நகையையும் ஓசையையும் காப்பவை நாவுகளே.