ஐந்து குரல்கள்

1971-இல் ஹிரோமு கோட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டையும் திருத்தமாக உச்சரிக்கப் பழகிய ஜப்பானியர்கள் சிலருக்கு, தாங்கள் சொன்னதையே திரும்பக் கேட்டபோது எது எதென்று பிரிக்கத் தெரியவில்லை. அவர்கள் தாய்மொழியில் அவ்விரண்டின் இடத்தில் இருப்பது ஒரே ஒலி.

காதில் கோளாறு இல்லை. 1975-இல் மியாவாக்கி குழுவினர், வேறுபாட்டைச் சுமக்கும் அதிர்வெண்ணை மட்டும் தனியே எடுத்து வெறும் ஓசையாகக் கேட்கவைத்தார்கள். ஜப்பானியர்கள் அமெரிக்கர்களுக்குச் சளைக்காமல் பிரித்துச் சொன்னார்கள். பேச்சாக வந்தால்தான் தடுமாற்றம்.

பழக்கினால் திருந்துமா? 1984-இல் வினிஃப்ரெட் ஸ்ட்ரேஞ்சும் டிட்மனும் கணினியில் செய்த 'ராக்', 'லாக்' ஒலிகளை வைத்துப் பழக்கினார்கள். அந்த ஒலிகளில் தேறியவர்கள், மனிதர் பேசிய சொற்களில் பழையபடியே தவறினார்கள்.

இந்த இடம் எனக்கு நெருக்கமானது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு நான் பேச்சுத் தமிழ் சொல்லித்தருகிறேன். 'கரை', 'கலை' என்று நான் நிறுத்திச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அதையே டிரைவர் அண்ணன் போகிறபோக்கில் சொன்னால் முழிப்பார்கள். என் குரலுக்குத்தான் பழகியிருக்கிறார்கள், ஒலிக்கு அல்ல.

வழியைத் திறந்தது அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம். 1991-இல் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் ஐந்து பேரின் இயல்பான குரலில் சொற்சோடிகளைப் பதிவு செய்தார்கள். ஆறு ஜப்பானியர்கள் மூன்று வாரம் கேட்டார்கள்; ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்று உடனே தெரிந்தது. 100-க்கு 78 ஆக இருந்த சரியான விடைகள் 86 ஆயின. பெரிய தாவல் இல்லைதான். ஆனாலும் வளர்ந்தவர் காது இறுகிப்போனது என்ற நம்பிக்கையை அது அசைத்தது. 1993-இல் ஒரே குரலில் பழக்கிப் பார்த்தார்கள். புதிய குரலில் அந்தப் பயிற்சி கைகொடுக்கவில்லை.

இப்போது என் செல்போனில் டிரைவர் அண்ணன், கேன்டீன் அக்கா, செக்யூரிட்டி தாத்தா எல்லாருடைய 'கரை'யும் 'கலை'யும் இருக்கின்றன. தாத்தாவுக்கு முன்பல் இல்லை; அவர் 'கலை' வந்தால் என் மாணவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை, அக்கா" என்பார்.

1997-இல் ஆன் பிராட்லோ குழுவினர் ஜப்பானியர்களுக்குக் கேட்கும் பயிற்சி மட்டும் தந்தார்கள். உச்சரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை. பயிற்சிக்குப் பிறகு அவர்கள் பேசியதை ஆங்கிலம் தாய்மொழியான அமெரிக்கர்கள் மதிப்பிட்டபோது, உச்சரிப்பும் திருந்தியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து, என் வகுப்பில் முதல் சில வாரம் யாரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வதில்லை.