வேதாரண்யக் கடற்கரை: நிலமும் வரலாறும்

முன்னுரை

தமிழகக் கடற்கரை வடக்குத் தெற்காக ஓடிவந்து கோடிக்கரையில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் இம்முனையை ஒட்டி அமைந்தது வேதாரண்யப் பகுதி. காவிரிப் படுகையின் கடைக்கோடியாகிய இங்கு மருதம் முடிந்து நெய்தல் தொடங்குகிறது. இந்நிலத்தின் உவர்ப்பே இதன் வரலாற்றை உருவாக்கிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஊர்ப்பெயரும் பதிகமும்

மறைக்காடு, கோடியக்காடு, கோடிக்கரை என்னும் பெயர்கள் நில அமைப்பைச் சுட்டுவன. கோடி என்பது முனை. மறைக்காடு என்பதன் வடமொழியாக்கமே வேதாரண்யம். சம்பந்தரும் அப்பரும் பாடித் திருக்கதவம் திறக்கவும் அடைக்கவும் செய்தனர் என்பது இத்தலத்து மரபு. கோடிக்குழகரைப் பாடிய சுந்தரர், கடற்காற்று வீசும் கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதை எண்ணி வருந்துகிறார். பக்திப் பாடலாயினும் இப்பதிகம் அக்காலத்துக் கோடிக்கரையின் தனிமைக்குச் சான்றாகவும் அமைகிறது.

உப்பு விளையும் நிலம்

கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னே பரந்த சதுப்பு நிலம் உள்ளது. கடல்நீர் உட்புகுந்து தேங்குகிறது. கோடையில் நீர் வற்ற, உப்புப் படிகிறது. வேளாண்மைக்குப் பயன்படாத இந்நிலம், உப்பு வணிகத்தால் மதிப்புப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வேதாரண்யம் கால்வாய் இப்பகுதியை நாகப்பட்டினத்தோடு இணைத்தது. உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தமையால், தானே விளைந்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று.

1930

இம்முரண்பாடே உப்புச் சத்தியாக்கிரகத்தின் கருப்பொருள். தண்டியில் காந்தியடிகள் ஏப்ரல் 6ஆம் நாள் உப்பெடுத்ததைத் தொடர்ந்து, இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடைப்பயணம் தொடங்கினர். நாமக்கல் கவிஞர் அவர்களுக்கெனப் பாடல் இயற்றினார். தொண்டர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தும், வழியெங்கும் மக்கள் ஆதரவு நல்கினர். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை துணைநின்றார். ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியான்பள்ளியில் உப்பள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டார். நெல் விளையும் படுகையைக் கடந்து உப்பு விளையும் களர்நிலத்தை அடைந்த இப்பயணம், மருதத்தையும் நெய்தலையும் ஒரே போராட்டத்தில் பிணைத்தது எனலாம்.

இன்றைய நிலை

கோடியக்கரை 1967இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலர் பசுமைமாறாக் காட்டில் வெளிமான்கள் வாழ்கின்றன. வலசை வரும் நீர்ப்பறவைகளுக்குச் சதுப்பு நிலம் புகலிடம். 2002இல் இது ராம்சர் உடன்படிக்கைப்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சோழர் காலத்ததாகக் கருதப்பட்ட கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அழிந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளையும் காட்டையும் சாய்த்தது. கல்லில் நின்ற சான்று மறைந்தபின் நிலமும் ஊர்ப்பெயர்களும் பதிகங்களுமே எஞ்சிய சான்றுகளாகின்றன.

முடிவுரை

பயிரை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் வேதாரண்யச் சதுப்பு ஒரு தரிசு. உப்பளத் தொழிலாளர், மீனவர், பறவைகள், பதிகம், விடுதலைப் போராட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கின், அது தமிழக வரலாற்றின் ஒரு மூல ஆவணம். ஆதலின் இந்நிலத்தைப் பேணுதல் சூழலியலாரின் கடமை மட்டுமன்று. இலக்கிய, வரலாற்று ஆய்வாளருக்கும் உரியதாகும்.